கயிறு யார் கையில, மாப்ள?

வாங்க ஏற்றுமதி முதலாளி, உக்காருங்க. மொகம் ஏன் தொங்கிப் போயிருக்கு? துபாய்க்காசு வரலையா? அதுக்கு நீ ஏன்டா வருத்தப்படுற மாப்ள? வருத்தப்பட வேண்டியது எங்கக்கா. அவ சங்கிலிதான் போடியில அடகுக்கடையில கெடக்கு. நீ பட வேண்டியது பெருமை. இந்த மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுல குஜராத்தி சேட்டு, கொங்கணி, கச்சி மேமன், ஜூ டவுன் யூதன்னு எல்லா யாவாரியையும் பாத்துட்டேன். அம்புட்டு பேரும் மொளகக் குடுத்துட்டு ரூவாய வாங்குனவுக. மொளகக் குடுத்துட்டு வாட்ஸ்ஆப்புல நீல டிக் வாங்குன மொத ஆளு நீதான்.

12 டன். கிலோ 600 ரூவாய்க்கு மேல வெல. முக்கா கோடிச் சரக்க, நேர்ல மொகம் பாக்காத ஒருத்தனுக்கு 60 நாள் தவணையில ஏத்திவிட்டிருக்க. தவணை முடிஞ்சு மூணு வாரமாச்சு. "திரும்பத் திரும்பக் கேட்டா தப்பா நெனச்சுக்குவாக மாமா"ன்னு சொல்ற. ஆமாமா, ரொம்பத் தப்பு. ஒன் காச வச்சு அவன் அங்க யாவாரம் பண்ணிக்கிட்டு இருக்கையில நீ குறுக்கால போய்க் கேக்கலாமா? மரியாதையாவா இருக்கும்?

சரி, கதையை ஒழுங்காச் சொல்லு. மொத தடவ 500 கிலோ கேட்டான், முழுக் காசையும் முன்கூட்டியே போட்டான். ரெண்டாந்தடவ 2 டன், அதுக்கும் முன்பணம். ஒனக்கு வாயெல்லாம் பல்லு. மூணாந்தடவ முழுக் கண்டெய்னரு, "இப்ப நாம அண்ணன் தம்பி ஆயிட்டோமே, 60 நாள் தவணை குடுங்க"ன்னான். நீயும் தம்பி கேட்டுட்டானேன்னு குடுத்துட்ட. மாப்ள, அவன் மொத ரெண்டு தடவையும் வாங்குனது மொளகு இல்ல, ஒன் நம்பிக்கை. அதுவும் ரொம்ப சல்லிசா வாங்கிட்டான்.

ஒண்ணு மட்டும் நல்லா செஞ்சிருக்க. காகிதத்த நேரா அவனுக்குக் கூரியர்ல அனுப்பாம பேங்க் வழியா விட்டிருக்க. அதுக்கு ஒரு சாயா வாங்கித் தரேன். ஆனா டி.ஏ.ன்னு விட்டியே, அதுக்கு அந்த சாயாவைப் புடுங்கிக்கிறேன்.

டி.பி.க்கும் டி.ஏ.க்கும் என்ன வித்தியாசம்னு பேங்க்காரக பக்கம் பக்கமாச் சொல்லியிருப்பாக. ஒனக்கு நம்ம ஊருப் பாஷையில சொல்றேன். மாட்டுச் சந்தைக்கு ஒங்க தாத்தாகூடப் போயிருக்கியா? துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சு வெல பேசுவாக. பேச்சு முடிஞ்சு தலையாட்டியாச்சு. வாங்குனவன் மாட்டோட பல்லைப் பாக்குறான், தொடையைத் தட்டுறான், வாலைத் தூக்குறான். எல்லாம் சரி, கயிறு யார் கையில? வித்தவன் கையில. காச எண்ணி மடியில கட்டுன பெறகுதான் கயிறு மாறும். எம்புட்டு சொந்தக்காரனா இருந்தாலும், சம்பந்தியா இருந்தாலும் அதுதான் மொறை.

கப்பல் யாவாரத்துல கயிறுன்னா பில் ஆஃப் லேடிங். வழக்கமா மூணு அசல் குடுப்பாக. அது இல்லாம ஜெபல் அலியில ஒரு மூட்டைய அசைக்க முடியாது. டி.பி.ன்னா காச வச்சாத்தான் அந்த ஊரு பேங்க் அந்தக் காகிதத்தக் குடுக்கும். டி.ஏ.ன்னா அவன் உண்டியல்ல, அதான் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சுல, "சம்மதம்"னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், காகிதம் அவன் கைக்குப் போயிரும். மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயிட்டு 60 நாள் கழிச்சு வந்து காசு தரேன்னு சொல்றது. சந்தையில எவனாவது ஒன்கிட்ட அப்புடிச் சொன்னா நீ சிரிச்சிருப்ப. அதையே இங்கிலீஷுல மெயில்ல சொன்னதும் "நோட்டட், தேங்க்ஸ்"னு போட்டுட்ட.

அப்பறம் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. பேங்க்ல கலெக்ஷனுக்குக் குடுக்கையில ஒரு படிவம் நிரப்புனேல்ல? அதுல "காசு வரலைன்னா ப்ரொட்டஸ்ட் பண்ணவும்"னு ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டியா? போடல. ஏன்? "அது கொஞ்சம் கடுமையா இருக்கும்னு விட்டுட்டேன் மாமா." அடடா! அந்த ஒரு டிக் இருந்தா அந்த ஊரு பேங்க் நோட்டரிகிட்ட போய், இன்ன தேதியில இந்த உண்டியலைக் காட்டுனோம், காசு தரலைன்னு முத்திரை போட்டு வச்சிருக்கும். கோர்ட்டுக்குப் போற அன்னைக்கு அது ஒனக்குச் சாட்சி. கலெக்ஷனுக்குன்னு சர்வதேச வர்த்தகச் சபை போட்ட விதி இருக்கு, யு.ஆர்.சி. 522, 1996-ல இருந்து நடப்புல இருக்கு. நீ வாயத் தொறந்து சொல்லலைன்னா ப்ரொட்டஸ்ட் பண்ண வேண்டிய கடமை பேங்குக்கு இல்லைன்னு அதுல தெளிவா இருக்கு. அதே படிவத்துல "கேஸ் ஆஃப் நீட்"னு இன்னொரு கட்டம். ஏதாவது வில்லங்கம்னா அந்த ஊர்ல யாரைக் கேக்கணும்னு ஒரு ஆள் பேரு எழுதுற எடம், அவருக்கு என்ன அதிகாரம்னும் அதுலயே எழுதணும். ஒங்க சித்தப்பா மகன் தேராவுல மளிகைக்கடை வச்சிருக்கான், அவன் பேரை எழுதியிருக்கலாம். நீ அதை வெறுமனே விட்டிருக்க. கட்டத்தை நிரப்புனா மை தீந்துருமாக்கும்.

டி.பி.யில விட்டாலும் கண்ணை மூடித் தூங்க முடியாது, அதையும் தெரிஞ்சுக்க. கயிறு ஒன் கையில இருக்கும், மாடு அவன் ஊர்ல நிக்கும். காகிதத்த எடுக்கவே வரமாட்டான். துறைமுகத்துல நாளுக்கு நாள் டெமரேஜ் ஏறும். ஏறட்டும்னு இருந்துட்டு, "பாதி வெலைக்குன்னா எடுத்துக்கிறேன்"னு பைய வருவான். துருக்கி மாதிரி ஊர்ல வாங்குறவன் சம்மதக் கடிதம் குடுக்காம சரக்கைத் திருப்பிக் கொண்டுவரவே ஒத்துக்க மாட்டாக. திருப்பிக் கொண்டாந்தாலும் அரசாங்கத்துக்கிட்ட வாங்குன ஏற்றுமதிச் சலுகையக் கட்டணும். அதனால சரக்கு ஏறும்போதே, பில் ஆஃப் லேடிங்குல வாங்குறவன் பேரை நேராப் போடாம "டு ஆர்டர்"னு போட்டு, அதே ஊர்ல எடுக்கக்கூடிய ரெண்டாவது யாவாரி ஒருத்தனை மனசுல வச்சிருக்கணும். அந்தக் காலத்துல சேட்டு ஒருத்தர் இருந்தாரு. சாக்கு வள்ளத்துல ஏறி வில்லிங்டன் தீவுக்குப் போகும் முன்னாலயே, "இவன் எடுக்கலைன்னா யாரு?"ன்னு கேப்பாரு. பதில் சொல்லத் தெரியாத குமாஸ்தாவுக்கு அன்னைக்குச் சாயா கிடையாது.

இப்ப நடந்தது நடந்து போச்சு. அவன் என்னென்ன சொல்றான், ஒவ்வொண்ணாச் சொல்லு.

"வெள்ளிக்கிழமை, அங்க லீவு, திங்கக்கிழமை போட்டுர்றேன்." ம். வெள்ளி லீவெல்லாம் பழைய கதை மாப்ள. 2022 ஜனவரியில இருந்து அரபு எமிரேட்ஸுல அரசாங்கத்துக்கு சனி, ஞாயிறுதான் லீவு, வெள்ளி அரை நாள். அவன் ஒனக்குச் சொன்னது ஒங்க தாத்தா காலத்து லீவு. ஒனக்கு அது தெரியாதுங்கறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு, அங்கதான் நிக்கிறான்.

"பணம் போட்டாச்சு, இந்தா ஸ்விஃப்ட் காப்பி." காட்டு பாக்கலாம். எம்.டி.103-ன்னு தலைப்பு, பேங்க் சின்னம், எல்லாம் ஜோராத்தான் இருக்கு. நம்ம தெரு முக்கு ஜெராக்ஸ் கடைப் பையன் இதைவிட ஜோரா அடிச்சுத் தருவான். படத்தைப் பாக்காத. யு.இ.டி.ஆர்.னு 36 எழுத்துல ஒரு நம்பரு இருக்கணும், அதைக் கேளு. அதை ஒன் பேங்க்ல குடுத்தா பணம் எந்த பேங்க்ல நிக்குதுன்னு பாத்துச் சொல்லிருவாக. நம்பரு தராம படத்தை மட்டும் அனுப்புறவன் பணத்தை அனுப்பல.

"ஒங்க புது அக்கவுண்டுக்குப் போட்டேனே." இதைச் சொன்னானா, இல்லையா? இல்லையா, நல்லது. சொன்னா மட்டும் அவனைத் திட்டாம மொதல்ல ஒன் மெயிலைப் பாரு. எவனோ ஒருத்தன் ஒன் மெயிலுக்குள்ள புகுந்து, "எங்க பேங்க் கணக்கு மாறிருச்சு"ன்னு ஒன் பேர்லயே அவனுக்கு எழுதியிருப்பான். அங்க அவன் யோக்கியனா இருந்தும் காசு களவு போயிரும். அப்புடி நடந்தா அன்னைக்கே ரெண்டு பேங்குக்கும் சொல்லணும், 1930-க்குப் போன் போட்டு சைபர் போலீஸுக்கும் சொல்லணும்.

அடுத்து? "மொளகுல பூஞ்சை, ஈரம் அதிகம், 30 சதவீதம் குறைச்சுக்கங்க." ஆ, வந்துட்டாரு. இதுதான் எல்லாத்துலயும் மூத்த சாக்கு. எப்ப பூஞ்சையைக் கண்டானாம்? தவணை முடிஞ்ச மறுவாரம். கண்டெய்னரைத் தொறந்து ரெண்டு மாசம் ஆச்சு, மொளகெல்லாம் வித்து ரசத்துல போயாச்சு. கடன் கேட்டதும் பூஞ்சை பூத்துருச்சு. சந்தை வெல எறங்குனாலும் பூக்கும். ஏறுன மாசத்துல எந்த ஊர்லயும் பூக்காது, நானும் பாத்துட்டேன்.

ஆனா மாப்ள, எல்லாச் சாக்கும் பொய்யின்னும் நெனைச்சுறாத. நம்ம பக்கமும் கை சுத்தமா இருக்கணும். 2012 டிசம்பர்ல இதே கொச்சியில நடந்ததை மறந்துட்டியா? என்.சி.டி.இ.எக்ஸ்.ங்கற முன்பேரச் சந்தை ஒத்துக்கிட்ட குடோன்கள்ல 6,000 டன்னுக்கு மேல மொளகு, மினரல் ஆயில் கலந்திருக்குன்னு உணவுப் பாதுகாப்பு அதிகாரிக சீல் வச்சாக. பளபளப்பா இருக்கணுமாம். வாங்கிப் போட்டவன் பாடு திண்டாட்டமாப் போச்சு. அந்த மாதிரிச் சரக்கை அனுப்பிட்டு, அவன் காசு தரலைன்னு ஊரெல்லாம் ஒப்பாரி வச்சா யாரு கேப்பா?

ஒன் சரக்கு சுத்தமா? எம்.ஜி.1 தரம் தானே, லிட்டருக்கு 550 கிராம் நின்னுச்சா? ஈரம் பாத்த சர்டிபிகேட் இருக்கா? சாம்பிள்? "எல்லாத்தையும் ஏத்திட்டேன் மாமா." போச்சு. ஏத்தும் முன்னால ஒவ்வொரு லாட்டுலயும் ரெண்டு கைப்பிடி எடுத்து, சோதனைக்காரன் முன்னால சீல் வச்சு, தேதி எழுதி, அலமாரியில வைக்கணும். பழைய குடோன்ல அந்த அலமாரிக்கு முதலாளி வீட்டுச் சாமி அலமாரியவிடப் பெரிய பூட்டு போட்டிருப்பாக. எவனாவது பூஞ்சைன்னு எழுதுனா, "அப்புடியா, ரெண்டு பக்கத்துச் சாம்பிளையும் ஒரே லேபுக்கு அனுப்புவோம்"னு ஒரே வரி பதில். அதோட சத்தம் நின்னுரும். ஒனக்கு இப்ப சோதனைச் சர்டிபிகேட் ஒண்ணாவது இருக்கே, அதை வச்சுப் பேசு. புகார்ல கொஞ்சம் நியாயம் இருக்குன்னு பட்டா, அவன் எந்த ஊரு சோதனைக்காரனை வச்சுப் பாத்தான், அறிக்கை எங்கன்னு கேளு. அறிக்கை இல்லாத பூஞ்சைக்கு ஒரு காசு குறைக்காத.

நாளைக்கு இன்னொண்ணும் சொல்லுவான். "கையில டாலர் இல்ல, பேரீச்சம்பழமாத் தரவா?" சிரிக்காத. அரசாங்கங்களே அந்தக் கதிக்கு வந்திருக்கு. இலங்கை ஈரானுக்குத் தர வேண்டிய எண்ணெய்க் கடன் 25 கோடி டாலர் சொச்சம். 2021 டிசம்பர்ல என்ன ஒப்பந்தம் போட்டாக தெரியுமா? மாசம் 50 லட்சம் டாலருக்கு டீத்தூளாத் தரேன்னு. அங்க ரெண்டு பக்கமும் அரசாங்கம், தாங்குவாக. ஒங்கம்மா சங்கிலியப் பேரீச்சம்பழத்தைக் குடுத்து மீட்க முடியாது.

ஏமாத்துற சமாச்சாரமும் அதுக்குக் காவல் போடுறதும் இன்னைக்கு நேத்து வந்ததில்ல. பரவூர் பக்கத்துல பட்டணம்னு ஒரு ஊரு. 2007-ல இருந்து அங்க தோண்டுனாக, ரோமாபுரி ஜாடிச் சில்லெல்லாம் வந்துச்சு. பழைய முசிறி அங்கனதான் இருந்திருக்கணும்னு சொல்றாக. அந்த முசிறி யாவாரத்தைப் பத்தின பாப்பிரஸ் தாளு ஒண்ணு வியன்னா நூலகத்துல இருக்கு. கி.பி. 2-ம் நூற்றாண்டுத் தாளு, 1985-ல அச்சுல வந்துச்சு. ஒரு பக்கம் ஹெர்மபொல்லோன்னு ஒரு கப்பல்ல வந்த சரக்குக் கணக்கு: கங்கைக்கரை சடாமாஞ்சி, யானைத் தந்தம். இன்னொரு பக்கம் கடன் ஒப்பந்தம். அதைத்தான் நீ படிக்கணும். சரக்கு செங்கடல்ல எறங்கி, ஒட்டகத்துல பாலைவனம் தாண்டி, நைல் ஆத்துல படகேறி அலெக்சாந்திரியா போய்ச் சேர்ற வரைக்கும் கடன் குடுத்தவன் முத்திரையிலதான் இருக்கணும். கெடுவுக்குள்ள கடன் திரும்பலைன்னா அடமானச் சரக்கை அவன் எடுத்துக்கலாம். அம்புட்டையும் எழுதி வச்சிருக்கான். வாட்ஸ்ஆப்பு இல்லாத காலம், அதான் மூளை வேலை செஞ்சிருக்கு.

இன்னொரு கதை நம்ம ஆளுகளுக்குப் பெருமை தராது, ஆனா ஒனக்கு உபயோகப்படும். 12-ம் நூற்றாண்டுல ஆபிரகாம் பென் யிஜூன்னு ஒரு யூத யாவாரி, துனிசியாப் பக்கத்துக்காரன், மங்களூர்ல வந்து தங்கியிருந்தான். அவனுக்கு ஏடன்ல இருந்து கூட்டாளிக எழுதுன கடுதாசி எல்லாம் கெய்ரோவுல ஒரு பழைய யூதக் கோயில் அறையில கெடந்து கெடைச்சிருக்கு. ஏடன்ல யோசேப் பின் ஆபிரகாம்னு ஒருத்தன். ஏலக்காய்க்கு முன்பணம் குடுத்திருக்கான். வாங்குனவன் நம்ம கரையில இருந்த ஒரு தரகன். காசை முழுங்கிட்டான், ஏலக்காய் போகவே இல்ல. ஆமா மாப்ள, ஏமாத்துனது நம்ம பக்கத்து ஆளுதான். போடிக்காரன் இல்லைன்னு நெனைச்சு மனசை ஆத்திக்க. யோசேப் அப்பப் படை அனுப்பல, கோர்ட்டுக்கும் போகல. அந்தத் தரகனை மிரட்டச் சொல்லி எழுதுறான்: கடனைத் தராதவனை ஏடன்ல நாங்க விலக்கி வைப்போம், தரலைன்னா விலக்குக் கடுதாசி எழுதி அவனுக்கே அனுப்புவோம்னு சொல்லிப் பாரு, அதுக்காவது பயப்படுவான்னு. கடலைத் தாண்டிக் கையெட்டாத எடத்துல அவனுக்கு ஒறைக்கிறது எது? நாலு பேரு முன்னால பேரு கெடுறது.

அதை இன்னைக்கும் செய்யலாம், நாகரிகமா. துபாய்ல இந்தியத் துணைத் தூதரகம் இருக்கு, அங்க எழுது. பாலாரிவட்டத்துல ஸ்பைஸஸ் போர்டு இருக்கு, அங்க புகார் குடு. நம்ம சங்கத்துல சொல்லு, நாலு ஏற்றுமதிக்காரன் காதுல விழட்டும். ஆனா ஃபேஸ்புக்குல திருடன்னு படம் போட்டுறாத. அந்த ஊர்ல அதுக்கு ஒன் மேலயே கேசு வரும்.

இப்ப காசுக்கு வா. பாலிசி எடுத்திருக்கியா? ஈ.சி.ஜி.சி.? "பேங்க் மேனேஜர் திட்டுனாரு, எடுத்தேன்." அந்த மேனேஜர் வீட்டுக்கு ஒரு கிலோ ஏலக்காய் அனுப்பு. ஒண்ணு தெரியுமா, கொச்சியில மொளகு முன்பேரச் சங்கம் இப்ஸ்டா தொடங்குனதும் 1957, ஏற்றுமதிக்காரனுக்குக் காசு வராமப் போனா ஈடு குடுக்குற இந்த நிறுவனம் தொடங்குனதும் 1957. வெல விழுந்தா அங்க, வாங்குனவன் விழுந்தா இங்க. ரெண்டு பயமும் அன்னைக்கே இருந்துருக்கு. வாங்குறவன் மட்டும்தான் விழுவான்னு இல்ல, நாடே விழும். சோவியத்துக்காரன் அந்தக் காலத்துல நம்ம மொளகுக்குப் பெரிய வாடிக்கை, ரூவாக் கணக்குல யாவாரம், பெரிய அரசாங்கம், இவன் எங்க போயிருவான்னு எல்லாரும் தைரியமா இருந்தாக. 1991 டிசம்பர்ல நாடே போயிருச்சு. அதுக்குத்தான் அந்தப் பாலிசியில வாங்குறவன் ஆபத்துன்னு ஒண்ணு, நாட்டு ஆபத்துன்னு ஒண்ணுன்னு ரெண்டையும் வச்சிருக்காக.

இந்த ஆளுக்கு லிமிட் எம்புட்டு வாங்குன? 25 லட்சம். அனுப்புனது முக்கா கோடி. நல்ல கணக்கு! லிமிட் வரைக்கும்தான் அவுக பொறுப்பு, அதுலயும் வழக்கமா 90 சதவீதம் வரைதான். மிச்சத்துக்கு ஒன் சட்டைப்பைதான் இன்சூரன்ஸ். இருந்தாலும் கெடைக்கிறதை விடாத. தவணை தாண்டி 30 நாள் ஆகியும் வரலைன்னா அதை அவுகளுக்கு எழுத்துல தெரிவிக்கணும். ஒனக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு, நாளைக்கே எர்ணாகுளம் ஆபீஸுக்குப் போ. தவணைத் தேதியில இருந்து நாலு மாசம் போனாத்தான் ஈட்டுக்குக் கை நீட்ட முடியும். அதுக்குள்ள அவுகளைக் கேக்காம நீயா தவணைய நீட்டுறது, வெலையக் குறைக்கிறது, "பரவாயில்ல பிரதர்"னு மெயில் போடுறது எதுவும் கூடாது. தரச் சண்டைன்னு அவன் கெளப்புனா, அது தீர்ற வரைக்கும், தேவைப்பட்டா அந்த நாட்டுக் கோர்ட்டுல நீ ஜெயிச்சு வர்ற வரைக்கும் அவுகளும் காத்திருக்கச் சொல்லுவாக. அந்தப் பூஞ்சை சும்மா பூக்கல, புரியுதா?

அரசாங்கத்துக்கும் நீ பதில் சொல்லணும். ஒன் ஷிப்பிங் பில்லு ரிசர்வ் பேங்க் கணக்குல தொறந்தே கெடக்கும். ஏற்றுமதிக் காசு 9 மாசத்துக்குள்ள நாட்டுக்குள்ள வரணும்னு இருந்துச்சு, 2025 நவம்பர்ல 15 மாசமா நீட்டி விட்டாக. அதுக்குள்ள வரலைன்னா வாங்குன ஜி.எஸ்.டி. ரீஃபண்டை வட்டியோட திருப்பிக் கட்டுன்னு விதி இருக்கு. அவன் ஒன்னை ஏமாத்துவான், நீ வரியக் கட்டுவ. இதைவிடப் பெரிய தர்மம் காசியிலயும் கெடையாது.

எல்.சி., அதான் பேங்க் குடுக்குற லெட்டர் ஆஃப் கிரெடிட், வாங்கியிருக்கலாமேன்னு இப்பத் தோணுதா? அடுத்த தடவ வாங்கு. ஆனா அது ஒண்ணும் தாயத்து இல்ல. பேங்க்காரன் மொளகைப் பாக்க மாட்டான், காகிதத்தைத்தான் பாப்பான், யு.சி.பி. 600-ன்னு 2007-ல வந்த விதி அப்புடி. அஞ்சு வேலை நாள் வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் பாப்பான். மட்டாஞ்சேரிக்கு இங்கிலீஷுல ஒரு ஆர் போட்டியா ரெண்டு ஆர் போட்டியான்னு ஒரு தடவ பஞ்சாயத்தே நடந்துச்சு. சின்ன எழுத்துப் பிழைக்கெல்லாம் தள்ளக்கூடாதுதான். ஆனா வாங்குறவனுக்கு வெல கட்டலைன்னா ஏதாவது ஒரு பிழை எப்புடியும் அகப்படும். அதனால எல்.சி. வந்த அன்னைக்கே பிரிச்சுப் படி. செய்ய முடியாத நிபந்தனை இருந்தா சரக்கு ஏத்தும் முன்னால திருத்தச் சொல்லு. தெரியாத பேங்க்னா நம்ம ஊரு நல்ல பேங்க் ஒண்ணுகிட்ட கன்ஃபர்ம் வாங்கு, செலவானாலும் பரவாயில்ல.

செக் தரேங்கறானா? வாங்கு. செக் திரும்புனா உள்ள தள்ளிருவாகன்னு நம்பி மட்டும் வாங்காத. கணக்குல பணம் இல்லாமத் திரும்புனதுக்கு ஜெயில்ங்கறது அங்க 2022 ஜனவரியோட போயிருச்சு. ஆனா திரும்புன செக்கை நேரா வசூல் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம், வழக்காடி ஜெயிக்கணும்னு இல்ல. அவன் கையெழுத்துப் போட்ட உண்டியலும் ஒன்கிட்ட இருக்கே, அதையும் அந்த ஊரு வக்கீல்கிட்ட காட்டு. வக்கீலுன்னா துபாய் வக்கீலு, நம்ம கச்சேரிப்படி வக்கீல் இல்ல. அடுத்த ஒப்பந்தத்துல தகராறு வந்தா மத்தியஸ்தம், இன்ன ஊர்லன்னு ஒரு வரி போட்டுரு. 1958 நியூயார்க் ஒப்பந்தத்துல நாமளும் இருக்கோம், எமிரேட்ஸும் 2006-ல சேந்துருச்சு. தீர்ப்பைக் கையில வச்சுக்கிட்டு எந்த ஊர்ல அவன் சொத்து இருக்கோ அங்க போய்த் தட்டலாம். இந்தத் தடவ ஒன் ஒப்பந்தம் என்ன? வாட்ஸ்ஆப்புல அவன் போட்ட கட்டை வெரலு. அதையும் அழிச்சுறாத, முழுசா எடுத்து வை. "சரக்கு நல்லா வந்துச்சு பிரதர்"னு அன்னைக்குக் கொரல் பதிவு போட்டிருக்கான்ல? அந்த ஒண்ணு போதும், பூஞ்சைக்கு மருந்து.

எடு பேனாவை. இல்ல, போன்லயே அடி, நான் சொல்லச் சொல்ல. மேல பில் நம்பரு, தேதி, தொகை டாலர்ல. "இன்ன தேதியில நீங்க ஒத்துக்கொண்ட உண்டியலின் தவணை இன்ன தேதியில் முடிந்தது. தொகை வரவில்லை. சரக்கு நல்ல நிலையில் கிடைத்ததாக நீங்கள் அனுப்பிய செய்தி எங்களிடம் உள்ளது. 7 நாளில் முழுத் தொகையும் எங்கள் கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் ஈ.சி.ஜி.சி.க்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவித்து, துபாயில் வழக்கு தொடுப்போம்." கெஞ்சவும் வேணாம், ஏசவும் வேணாம். நகல் ரெண்டு பேங்குக்கும் போடு. அவன் பேங்குக்கும்டா, அதுதான் முக்கியம், அவனுக்குக் கடன் குடுக்குறவன் படிக்கட்டும்.

அடிச்சுட்டியா, காட்டு. ம், ம். சரி. கடைசியில இது என்ன? "அன்பான வணக்கங்களுடன், எப்போதும் உங்கள் சேவையில்"-ஆ? அதை மட்டும் அழிச்சுட்டு அனுப்பு.